காருக்குச் சாம்பிராணி

ஷஸ்னாவைப் பெண் பார்க்க வந்த அன்று ஆகில் வாய் திறந்து சொன்ன ஒரே முழு வாக்கியம், "எனக்கு கார் எண்டா உசிர்" என்பதுதான். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அவனுடைய உம்மா மஸாஹிராவே பதில் சொல்லி முடித்தார். ஷஸ்னாவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அவளிடம் ஒரு கார் இருந்தது. அவளுடைய மூத்த சகோதரன் ஹுசைன் நாநா டோஹாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன சின்ன வெள்ளைக் கார். ஜப்பான்காரன் செய்தது, டர்போ பூட்டியது. கட்டுக்குருந்தை கார்ப் பந்தய ஓடுபாதையை யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று திறந்துவிடும் நாட்களில் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நுகேகொடை பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்து மாதக்கணக்காக நின்ற கால்வலி அந்த ஒரு நாளில் இறங்கிப்போகும்.

கல்யாணமாகி வெள்ளவத்தையில் மஸாஹிரா மாமி வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. ஆகிலுக்கு நிற்கிற கார்தான் உயிர். ஓடுகிற காரில், அதுவும் ஷஸ்னா ஓட்டுகிற காரில், அவன் ஒரு கையால் கதவுக்கு மேலுள்ள பிடியைப் பிடித்துக்கொண்டு, காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவான். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் முகம் வெளிறி, ஜன்னலை இறக்கச் சொல்லுவான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விபத்தான வாகனங்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடுகிற வேலை. நாள் முழுக்க நசுங்கிய கார்களைப் பார்க்கிறவனுக்கு நசுங்காத காரில் ஏறினாலும் அதே ஞாபகம்தான் வரும்.

கடைசியில் அவனே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தான். "ஓட்டுறது நீங்க. ஓட வைக்கிறது நான்."

ஓட வைப்பதில் அவன் சூரன் என்றுதான் ஷஸ்னாவும் நம்பியிருந்தாள். ஓடுபாதை திறக்கும் ஞாயிற்றுக்கிழமை நெருங்கி வந்த நேரத்தில் கார் திக்கத் தொடங்கியது. முதல் இரண்டு கியரில் ஒரு குறையுமில்லை. மூன்றாவதில் வேகமெடுத்து வரும்போது மட்டும், யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி மூச்சு அடங்கிவிடும். டர்போ எவ்வளவு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது என்று காட்டும் முள் பாதி வழியில் நின்று, பிறகு தொங்கிப்போகும்.

"பிளக்" என்றான் ஆகில். சந்தேகமே இல்லாத குரல். பிளக் மாற்றினான். ஷஸ்னா ஒரு சுற்றுப் போய்வந்து சாவியை அவன் கையில் வைத்தாள்.

"டொக்டர், நோயாளி அப்பிடியேதான் ஈக்குது."

"அப்ப கொயில்."

பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் கொயிலை மாற்றினான். அதற்குப் பிறகு பெற்றோல் பம்பை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் அதே உறுதியான குரல், ஒவ்வொரு தடவையும் சாவி அவன் கைக்கே திரும்பி வந்தது. கடைசியாக, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சத்தமில்லாமல் கொஞ்சம் கூட்டியும் பார்த்தான். திக்கல் கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை.

"எங்கட பாமசிக்கும் இப்பிடி ஆக்கள் வாறதுதான்" என்றாள் ஷஸ்னா, இராச் சாப்பாட்டுக்கு முன் அவன் கையிலிருந்த கிரீஸ் போவதற்குச் சவர்க்காரத்தை எடுத்துக் கொடுத்தபடி. "தலைக்கு ஒண்டு, வயித்துக்கு ஒண்டு, முழங்காலுக்கு ஒண்டு. என்ன வருத்தமெண்டு மட்டும் தெரியாது."

மஸாஹிரா சிரிப்பை மறைக்கக் குசினி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் கொம்பனித்தெருவிலிருந்து ரிம்ஸான் வருவான். ஆகிலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மடிக்கணினியைக் காரில் செருகி, எஞ்சினின் மூளையோடு பேசத் தெரிந்தவன். ஆனால் அந்த வாரம் அவனுடைய மனைவி நிம்றாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆகில் தொலைபேசி எடுத்தபோது அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றான்.

"மச்சான், எங்கயோ காத்து ஒழுகுது. சும்மா நிக்கக்குள்ள தெரியாது, அமுக்கம் ஏறினாத்தான் வாய் திறக்கும். உள்ளுக்கு புகை அடிச்சு பாரு."

"உன்ட புகை மெஷின தாவன்."

"அத ஒருத்தன் இரவல் வாங்கிப் போனவன். அவனும் இல்ல, மெஷினும் இல்ல. நீ மூளைய பாவிச்சு பாரு. புகைக்கு என்ன பஞ்சம்."

ஆகில் தொலைபேசியை வைத்துவிட்டு யோசித்தான். புகை என்றதும் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது வியாழக்கிழமை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீடெல்லாம் உம்மா கொண்டு திரியும் சாம்பிராணிச் சட்டி.

"காருக்கா?" என்று கேட்டார் மஸாஹிரா.

"கொஞ்சம் தந்தா போதும் உம்மா."

"நான் பாத்த மட்டுக்கு காருக்கு ஒரு கண்ணூறும் இல்ல. போடுறதெண்டா அதுக்குப் பின்னால திரியிற ரெண்டு பேருக்கும்தான் போடணும்." ஆனாலும் சிரட்டைக் கரியைத் தணலாக்கி, சாம்பிராணியை ஒரு கடுதாசியில் மடித்து, மருமகள் கையில் கொடுத்தார். "மகள், புடவைத் தலைப்ப கவனமா வெச்சுக்கொள்ளுங்க."

பின்னேரம் வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கையில் காரை நிறுத்தி வேலை தொடங்கியது. பழைய பெயின்ட் தகரம் ஒன்றின் அடியில் தணலைப் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவி, மூடியை அடித்து இறுக்கினான் ஆகில். மூடியில் இரண்டு துளை. ஒன்றில் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்பின் குழாய். மற்றதிலிருந்து ஒரு குழாய் டர்போவின் வாய்க்கு. அந்த வாயை ஒரு பிவிசி மூடியால் அடைத்திருந்தான். காற்றை மெதுவாக விட்டால் புகை எஞ்சினுக்குப் போகும் பாதையெல்லாம் நிரம்பும், ஓட்டை இருக்கிற இடத்தால் வெளியே வரும். கணக்கு அதுதான்.

முதலில் வெளியே வந்தது தகர மூடியின் ஓரத்தால். இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார்கள். ஒழுங்கை முழுக்க மணத்தது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் ஏதும் மௌலூது ஓதுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆகில் மூடியைச் சுற்றி ஒட்டுப்பசை நாடா ஒட்டி மறுபடியும் பம்பைப் போட்டான். இப்போது புகை உள்ளே போனது. இருவரும் எஞ்சினுக்கு மேல் குனிந்து, ஆளுக்கொரு கைவிளக்கோடு, ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு பொருத்தாகத் தேடினார்கள். ஒன்றுமில்லை.

எதிர் மாடியில் உடுப்புக் காயப்போட வந்த சுபாஷினி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வங்கியில் வேலை செய்கிறவர். ஷஸ்னாவை இந்த ஒழுங்கைக்கு வந்த முதல் நாளிலிருந்தே தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன தங்கச்சி, காருக்குப் பூசையே? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் தேங்காயோட வந்திருப்பன்."

"பூசையில்ல அக்கா" என்றாள் ஷஸ்னா, தலையை நிமிர்த்தாமலே. "ஓட்டை தேடுறம்."

"உள்ளுக்குத் தலைய விட்டா எப்பிடித் தெரியும்? புகை முன்னுக்கு, பம்பருக்குக் கீழால எல்லோ போகுது."

இருவரும் நிமிர்ந்தார்கள். பிறகு குனிந்தார்கள், இந்த முறை தரையோடு. முன் பம்பரின் அடியிலிருந்து நீலமாய் ஒரு நூல் மெல்ல எழுந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. மேலே நின்ற சுபாஷினிக்குத் தெரிந்தது, எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த அவர்களுக்குத் தெரியாமல் போயிருந்தது.

பம்பரைக் கழற்ற அரைவாசிப் பின்னேரம் போனது. அதன் பின்னால்தான் டர்போவின் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இருந்தது. அதிலிருந்து வரும் இறப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பக்கத்தில் ஒரு இரும்புத் தாங்கி வளைந்து அந்தக் குழாயில் முட்டிக்கொண்டிருந்தது. ஆகில் குழாயைத் தொட்டுப் பார்த்தான். தாங்கியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கழற்றி வைத்த பம்பரைத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தான்.

அவன் முகம் மாறியது. விபத்துக் கார்களை மதிப்பிடுகிற கந்தோர் முகம் வந்துவிட்டது என்று ஷஸ்னாவுக்குப் புரிந்தது.

"இது எப்ப நடந்த?"

"எது?"

"இந்தக் கீறல். முன்னிருந்து பின்னுக்கு போகுது. சாம்பல் நிறம், அப்ப சீமெந்து. ஆழம் இல்ல, அப்ப வேகமும் இல்ல. நிப்பாட்டப் போன நேரம்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தான். "எங்க?"

ஷஸ்னா கைவிளக்கை அணைத்தாள். பிறகு காரணமில்லாமல் மறுபடி போட்டாள்.

"பாமசிக்குப் பின்னால பார்க் பண்ற இடத்துல ஒரு சீமெந்துக் கட்டு ஈக்குது. அதுல கொஞ்சம் தொட்ட."

"கொஞ்சம்?"

"சரி. ஏறின."

"எப்ப?"

"நீங்க பிளக் மாத்தினதுக்கு முந்தின கிழமை."

ஆகில் பம்பரைக் கீழே வைத்தான். பிளக், கொயில், பெற்றோல் பம்ப் எல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால் வரிசையாகப் போவது அவளுக்கே தெரிந்தது. அவன் கோபிப்பான் என்று காத்திருந்தாள். கோபித்தால்கூட நல்லது, பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

"வெள்ளிக்கு வெள்ளி நீங்க அந்த பம்பர துடைக்கிறத பாத்துட்டு உங்களுக்கிட்ட இத செல்ல மனசு வரல்ல" என்றாள் கடைசியில். "அதோட நீங்க பிளக்தான் எண்டு அவ்வளவு நிச்சயமா செல்லக்குள்ள, இது சம்பந்தமில்லாத விஷயமெண்டு நானும் நினைச்ச."

"உங்கட பாமசிக்கு வாற ஆக்களும் இப்பிடித்தானா? எங்க விழுந்த எண்டத மட்டும் கடைசியாவா செல்லுவாங்க?"

ஷஸ்னாவுக்குக் காது சூடாகியது. மாடியிலிருந்து சுபாஷினி, "நல்லாக் கேளும் தம்பி" என்றார். உடுப்பு எப்போதோ காயப்போட்டு முடிந்திருந்தது.

அடுத்த நாள் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கி, அதே அளவில் ஒரு சிலிக்கன் குழாய் வாங்கிவந்து பூட்டினான். தாங்கியை நிமிர்த்தினான். சனிக்கிழமை விடிய, மரைன் டிரைவில் நடக்கிறவர்கள்கூட வராத நேரத்தில், ஷஸ்னா காரை எடுத்துக்கொண்டு போனாள். ஆகில் கடல் பக்கத்துக் கட்டின்மேல் உட்கார்ந்து காத்திருந்தான். அவள் திரும்பி வந்து இறங்கினாள்.

"இப்ப திக்கல்ல" என்றாள். "உதைக்குது. மூண்டாவதுல ஏறிக்கொண்டே வந்து, டப்பெண்டு எஞ்சின் செத்து, திரும்ப உசிர் வருது."

இருவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டு ரிம்ஸானுக்குத் தொலைபேசி போனது. மறுபக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஓட்டை ஈக்கக்குள்ள அழுத்தத்த கூட்டினியா மச்சான்?"

ஷஸ்னா ஆகிலைப் பார்த்தாள். ஆகில் கடலைப் பார்த்தான்.

"கொஞ்சம்" என்றான்.

"கொஞ்சம்?" என்றாள் ஷஸ்னா, மிக மெதுவாக.

"ஒழுகின காத்து எல்லாம் இப்ப உள்ளுக்கு போகுது. அளவுக்கு மிஞ்சிட்டு. எஞ்சின் தன்ன காப்பாத்திக்கொள்ள பெற்றோல நிப்பாட்டுது, அவ்வளவுதான். நல்லா இறக்கிட்டு, நாளைக்கு பாதையில ஓட்டி ஓட்டி கொஞ்சங்கொஞ்சமா ஏத்து. ஆனா ஒராள் பக்கத்து சீட்டுல லெப்டொப்போட ஈக்கணும். ஓட்டுற ஆளுக்கு ரெண்டும் ஏலாது."

"நீ வாறியா?"

"வாறன். நீ வந்து புள்ளைய பாத்துக்கொள்ளு."

ஞாயிறு காலை கட்டுக்குருந்தையில் ஆகில் இரவல் தலைக்கவசத்தோடு பக்கத்து இருக்கையில் பெல்ட் கட்டி உட்கார்ந்தான். ரிம்ஸானின் மடிக்கணினி மடியில். காலையில் அவன் ஒரு மிடறு தேத்தண்ணியைத் தவிர எதுவும் தொடவில்லை.

"கண்ண மூடிக்கொள்ளுங்க" என்றாள் ஷஸ்னா. "பாதைய பாக்காம ஈந்தா தலை சுத்தாது."

"கண்ண மூடினா நம்பர யார் பாக்கிற?"

முதல் சுற்றில் அவன் நம்பரையும் பார்க்கவில்லை, பாதையையும் பார்க்கவில்லை. ஓதிக்கொண்டிருந்தான். இரண்டாவதில் திரையில் ஒரு கோடு ஏறி இறங்குவதைக் கவனித்தான். அது அழுத்தம். அதற்குக் கீழே இன்னொன்று, எஞ்சினுக்குள் போகும் பெற்றோலுக்கும் காற்றுக்குமான கணக்கு. இரண்டும் ஒழுங்காகத்தான் போயின. காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, திருகை ஒரு துளி கூட்டினான். மறுபடி ஏறினான். இன்னொரு துளி. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவன் முகம் ஒரு நிறம் குறைந்தது. ஆனால் ஏறுவதற்கு யாரும் அவனைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அப்படி ஒரு தடவை உட்கார்ந்துகொண்டே சொன்னான்: "நேர்ப்பாதை முடிய முந்தியே நீங்க கால எடுத்துடுறீங்க. கோட்டுல தெரியுது. ஒவ்வொரு சுத்துலயும்."

"அது உங்கள நினைச்சி."

"என்னயா?"

"பக்கத்துல ஒராள் கதவ பிடிச்சுக்கொண்டு துவா கேட்டா, ஒரு மனுஷி எப்பிடி ஓட்டுற?"

ஆகில் பிடியிலிருந்த கையை எடுத்து மடிக்கணினியின் மேல் வைத்தான்.

"என்ன நினைக்க வேணாம். நீங்க தனிய ஓட்டக்குள்ள எடுக்கிற இடத்துலயே கால எடுங்க. இல்லாட்டி இந்த நம்பருக்கு அர்த்தமில்ல."

அந்தச் சுற்றில் ஷஸ்னா நேர்ப்பாதை முடியும் வரை காலை எடுக்கவில்லை. மூன்றாவது கியர் முழுதாக விரிந்தது. திக்கவில்லை, உதைக்கவில்லை. பக்கத்திலிருந்து ஒரு கத்தல் வந்தது. பயந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். "விடாதீங்க, விடாதீங்க, இன்னும் ஈக்குது" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான்.

காரை நிறுத்தியதும் அவன் கதவைத் திறந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குப் பின்னால் போய்விட்டான். திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஷஸ்னா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கேலி செய்ய நிறையவே இருந்தது. ஆனால் அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே மடிக்கணினியைத் திறந்து அந்த ஒரு கோட்டை அவளுக்குக் காட்ட வந்ததைப் பார்த்தபோது, அதை விட்டுவிட்டு அவளும் திரையின் மேல் குனிந்தாள்.

"சரியா வந்துட்டு" என்றான். "இனி நான் தேவையில்ல. தனிய போங்க."

அவள் தனியே போனாள். ஆகில் வேலியோரம் நின்றான். அங்கிருந்து பாதையின் பாதிகூடத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. இரண்டாவது, மூன்றாவது, பிறகு நேர்ப்பாதை முழுக்க அறாத ஒரே இழுப்பு. அவளுடைய கால் எங்கே இருக்கிறது, எப்போது எடுக்கிறாள் என்பது சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்தது. பெல்ட்டில்லாமல், கணினியில்லாமல், நின்ற இடத்திலேயே அவனுக்கு நெஞ்சு படபடத்தது. அது பயமில்லை என்று விளங்க அவனுக்கு ஒரு முழுச் சுற்று தேவைப்பட்டது.

அன்று அவள் ஓடியது அவளுடைய முந்தைய எந்த ஓட்டத்தையும்விடக் குறைந்த நேரம். கண்டியிலிருந்து வந்த ஒரு நீலக் கார் அவளைவிட வேகமாகத்தான் ஓடியது. அது அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இறங்கி, வியர்த்த முகத்தோடு அவனிடம் வந்தாள்.

"எப்பிடி?"

"கடைசித் திருப்பத்துல கொஞ்சம் அவசரப்பட்டீங்க" என்றான் ஆகில்.

ஷஸ்னா தலைக்கவசத்தை அவன் கையில் திணித்துவிட்டு, சாப்பாட்டுக் கூடாரத்தை நோக்கி நடந்தாள். அங்கே யாரோ சூடாகக் கொத்துரொட்டி அடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க. உங்களுக்கு சோடா மட்டும்தான்."