பாலமில்லாத தீவு

இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வலது கால் பிரேக்கில், முன்னால் நிற்கும் கேரவனின் முதுகை விட்டு இவர் கண்ணை எடுக்கவில்லை, கார் ஓடவேயில்லை, கப்பலின் வயிற்றுக்குள் மற்றக் கார்களோடு வரிசையில் நிற்கிறது, ஓடுவது கப்பல்தான், ஆனாலும் இவர் ஓட்டுகிறார், ஏரோத் தீவு வரைக்கும் இந்தக் கப்பலைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவரைப் போல ஓட்டுகிறார், பக்கத்தில் நான், மடியில் கைப்பை, பைக்குள் பேரனுக்குக் கழுத்தில் கட்டும் பஞ்சாயுதம், மேல போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வருவமே என்று கேட்டேன், நீர் போம், நான் காரைப் பாக்கிறன் என்றார், நடுக்கடலில் உங்கட காரை ஆர் களவெடுக்கப் போகினம் என்று வாயெடுத்தேன், விட்டுவிட்டேன், ஹெட்லைட் எரிய, கண்ணாடியெல்லாம் இறுக மூடி, கார் பிளேயரில் பாடிய நாதஸ்வரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார், தண்ணீரின் சத்தம் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான் இவருக்கு.

டென்மார்க்கை நாங்கள் இப்படித்தான் சுற்றினோம், பாலம் பார்த்துப் பார்த்து, யூலை மாதம் கோழித் தொழிற்சாலைக்கு லீவு விட்டவுடன் ஹேர்னிங்கிலிருந்து வெளிக்கிடுவோம், பின்சீட்டில் மகள் நிரோஜா, டிக்கியில் ரைஸ் குக்கரும் மிளகாய்த்தூள் போத்தலும், மொன் தீவின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்தோம், அதற்குப் பாலம் உண்டு, லாங்கலாண்டின் காற்றாலைகளைப் பார்த்தோம், அதற்கும் உண்டு, வடக்கே ஸ்காகனில் இரண்டு கடல் வந்து முட்டிக்கொள்ளும் மணல்முனையில் ஊருலகமெல்லாம் ஒரு கடலில் ஒரு காலும் மற்றதில் மற்றக் காலும் வைத்துப் படம் எடுக்கிறது, இவர் சப்பாத்தைக் கழற்றாமல் எங்கள் பைகளைக் காவிக்கொண்டு மேட்டில் நிற்கிறார், அப்பா, போர்ன்ஹோம் போவமே, வகுப்பில எல்லாரும் போயிட்டினம் என்று பிள்ளை கேட்கும், வரைபடத்தை விரித்து விரலால் தேடிப் பார்த்துவிட்டு, அதுக்குப் பாலம் இல்லையம்மா என்பார், பாலம் இல்லாவிட்டால் அது இந்த நாட்டிலேயே சேர்த்தி இல்லை என்பது போல. நெடுந்தீவில் பிறந்த மனுசனுக்குக் கப்பல் பயம் என்றால் கோயிலில் சனம் சிரிக்காதா, தீவானுக்கோ பொம்பிளை குடுக்கிறியள் என்று கலியாணத்தன்றே நக்கலடித்த மாமாமார் எனக்கு, அதனால் இவருக்குத் தலைச்சுத்து வருத்தம் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தேன், சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டேன். உண்மையை இவர் சொன்னது ஒரே ஒருமுறை, கொப்பன்ஹேகன் போகிற வழியில், பெரிய பாலத்தின் நடுவில், மழை, நான் ஒன்றும் கேட்கவில்லை, தானாகத்தான் தொடங்கினார், சோளகக் காத்துக்க வள்ளம் சரிஞ்சது, தம்பியின்ர கை என்ர கைக்குள்ளதான் இருந்தது, வழுக்கிப் போச்சு, அவ்வளவும் சொல்லிவிட்டு வைப்பரைக் கூட்டிப் போட்டார், பாலம் முடிந்தது, பெற்றோலுக்கு நிறுத்தினோம், பிறகு அந்தக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போர்ன்ஹோம் கேட்ட நிரோஜாவுக்கு வேலை கிடைத்ததும் பாலமில்லாத தீவில்தான், ஏரோவில் பள்ளிக்கூட ரீச்சர், கட்டினதும் அந்தத் தீவுப் பெடியனை, ராஸ்முஸ், நல்ல பிள்ளை, மீன்கறியை உறைப்போடு சாப்பிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் கேட்கும், கலியாணத்தைக்கூட இவருக்காக எங்கள் பக்கத்துக் கரையில்தான் வைத்தார்கள், மகளின் வீட்டை நாங்கள் போனில்தான் பார்த்தோம், இது குசினி அம்மா, இது தோட்டம், அதில தெரியிறது கடல், கடல் வந்தவுடன் இவர் எழும்பிப் போய்விடுவார். பேரன் பிறந்தான், முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து அம்மப்பா பஞ்சாயுதம் கட்ட வேண்டும், குழந்தையைக் கொண்டு இஞ்ச வாவன் என்றேன், போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், இவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், நிரோஜா சத்தம் போடவில்லை, அழவில்லை, அம்மா, ஒவ்வொருமுறையும் நான்தான் வந்தனான், இந்தமுறை வரமாட்டன், அப்பா வந்து கட்டட்டும், வராட்டி ராஸ்முஸின்ர அப்பா கட்டுவார், அதுக்குப் பிறகு நான் உங்களைக் கூப்பிடவும் மாட்டன் என்றது. இவள் சொன்னால் செய்வாள், தகப்பனின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. இவர் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார், கழுவினார், துடைத்து அடுக்கினார், பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, கப்பலுக்கு டிக்கெட் எடும், காரோட எடும், நான் இறங்க மாட்டன் என்றார்.

இறங்கவில்லை, கப்பல் ஒருமுறை லேசாகச் சரிந்தது, இவருடைய விரல் முட்டிகள் வெளுத்துப் போயின, அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன், கையை எடும், ஓட்டுறன், தெரியேல்லையோ என்றார், எடுத்துவிட்டேன், கோபம் வந்தது, கடல் பார்க்கிற ஆசை எனக்கும்தான் இத்தனை வருடமாக இருக்கிறது, கோபத்துக்குள்ளே ஒரு பாவமும் வந்தது. நாதஸ்வரம் பாதியில் நின்றது, இவர் கவனிக்கவில்லை, நானும்தான், கப்பல் கரையில் முட்டி, முன்கதவு இறங்கி, வெளிச்சம் உள்ளே வந்து, கேரவன் நகர்ந்து போன பிறகு காரை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருகினார், டிக் என்றது, மறுபடி திருகினார், அதுவும் இல்லை, லைட்டும் பாட்டும் பழைய பற்றறியைக் குடித்து முடித்துவிட்டன. பின்னால் அத்தனை கார், ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை, அடித்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது, மஞ்சள் சட்டை போட்ட கப்பல்காரன் வந்து கண்ணாடியில் தட்டினான், தள்ளினால் போய்விடும், ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள், ஒருவர் என்னோடு வாருங்கள் என்று டேனிஷில் சொன்னான். நான் தள்ளுறன், நீங்கள் இருங்கோ என்று பெல்ட்டைக் கழற்றினேன், உம்மட முழங்காலோட எங்க தள்ளுறது என்றார், என்னைப் பார்த்தார், வெளியே கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இரும்புப் பலகையின் இடுக்கில் பச்சைத் தண்ணீர் ஏறி ஏறி இறங்குகிறது, கதவைத் திறந்தார், கடலின் சத்தம் காருக்குள் வந்தது, ஒரு காலை வைத்தார், மற்றக் காலையும் வைத்தார்.

நான் நகர்ந்து இவருடைய இருக்கையில் இருக்கிறேன், சீட் இன்னும் சூடாக இருக்கிறது, கரையில் மகள் நிற்கிறாள், தோளில் பேரன், பக்கத்தில் ராஸ்முஸ் சின்னச் சிவப்புக் கொடியை ஆட்டுகிறான், பிறந்தநாளானாலும் வரவேற்பானாலும் இந்த நாட்டுக்காரருக்குத் தங்கள் கொடி வேண்டும், பின்கண்ணாடியில் பார்க்கிறேன், கப்பல்காரன், அரைக்காற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன், நடுவில் இவர், மூன்று பேரும் குனிந்து தள்ளுகிறார்கள், கார் அசையவில்லை, இவர் வாய் திறந்திருக்கிறது, ஐயோ பயத்தில் கத்துகிறாரோ, திரும்பி விடுவாரோ என்று பக்கக் கண்ணாடியை இறக்கினேன், இவர் கத்தவில்லை, குசினியில் நின்று சொல்வது போலத்தான் சொன்னார், காலை எடுமப்பா. குனிந்து பார்த்தேன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வலது கால் பிரேக்கில், என்னுடையது, எவ்வளவு நேரமாக அழுத்திக்கொண்டிருந்தேனோ தெரியாது, எடுத்தேன், கார் உருண்டது, பின்கண்ணாடியில் இவர் தண்ணீரின் மேலால் நடந்து வந்துகொண்டிருந்தார்.