தோர்ன்மியர் பிரபு யார்?

1887 ஜனவரி 14, வெள்ளிக்கிழமை. விடியற்காலை முதல் ஓயாது பொழிந்த பனி பள்ளத்தாக்கை மூடியிருந்தது.

தோர்ன்மியர் என்பது அப்பள்ளத்தாக்கின் பெயர். அதற்கு உரிமையாளரான பிரபுவின் பட்டப்பெயரும் அதுவே. பிரபு அறுவடைக் காலத்தில் காலமானார். மனைவி சிசிலி கருவுற்றிருந்தமையால் பட்டம் அன்றுமுதல் காத்திருந்தது. ஆண் பிறந்தால் அவனே பிரபு. பெண் பிறந்தாலோ பட்டமும் மாளிகையும் கொழுந்தன் ஹ்யூபர்ட்டைச் சேரும். சிசிலி தன் இரு பெண்களோடு வெளியேற வேண்டியதுதான்.

அறைக்கு வெளியே ஹ்யூபர்ட் உலாவும் ஓசை பிரசவ வலியின் நடுவிலும் அவளுக்குக் கேட்டது.

"என்னய்யா பிளெங்கின், இன்னும் பொறக்காத பொடியனுக்கு நான் கும்பிடு போடணுமா?"

"அவசரப்படாதீங்க, ஹ்யூபர்ட் ஐயா," என்றார் காரியஸ்தர். "அதுவரைக்கும் நீங்க வெறும் ஐயாதான்."

குழந்தை வீறிட்டது. சிசிலி தலையை உயர்த்தினாள்.

"என்ன கொழந்த? வாயத் தொறந்து சொல்லேன், மார்த்தா!"

"மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா," என்ற மருத்துவச்சி அவள் முகத்தைப் பாராமல் கதவருகே சென்று, வெளியே எதையோ மெல்லச் சொன்னாள்.

உலாவும் ஓசை நின்றது. பிறகு காரியஸ்தரின் குரல், மிகுந்த பணிவுடன் ஒலித்தது.

"கணப்புகிட்ட வந்து உக்காருங்க, தோர்ன்மியர் பிரபுவே."

சிசிலி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அருகில் கிடத்திய மகளைத் தொட அவள் கை எழவில்லை. அப்போது பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.