நல்ல சேதி சொன்னால்தான் தேத்தண்ணி

அன்று காலை பிலிமத்தலாவைப் பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தவர்கள் நால்வர். மேல்படியில் மஸாஹிரா, மடியில் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு. அவளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி அவளுடைய தம்பி மனைவி பஸ்லினா. முழங்கால் மடங்காத டொரதி டீச்சருக்குக் காவலாளி கொடுத்த பிளாஸ்டிக் கதிரை. எல்லாருக்கும் கீழே, கடைசிப் படியில், அனற்.

மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வேர்வை காயும்வரை அங்கே உட்காருவார்கள். நாடே சமையல் கேஸ் வரிசையில் நின்ற வருடத்தில் பிடித்த பழக்கம் அது. வரிசையில் புலம்பிப் புலம்பி அலுத்துப்போன மஸாஹிராதான் சட்டம் போட்டாள்: நேற்று நடந்த நல்லது ஒன்றைச் சொன்னால்தான் தேத்தண்ணி. வரிசை ஒழிந்தது, சட்டம் ஒழியவில்லை. நாளைக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று தேடித் தேடியே, நல்லது கண்ணில் படப் பழகிவிட்டது.

"என்ட சேதி," என்று பஸ்லினா தொடங்கினாள். "நேத்து மாமி எங்கட வீட்டுப் பக்கம் வரல்ல."

"அடியே, அது என்ட உம்மா!" என்று மஸாஹிரா அவள் தோளில் ஒன்று வைத்தாள்.

"நல்ல சேதியா இல்லியா? அத மட்டும் செல்லுங்க ராத்தா."

சிரிப்போடு தேத்தண்ணி ஊற்றப்பட்டது. டொரதி டீச்சர் வீட்டுப் பந்தலில் கொடித்தோடை பூத்திருந்தது. அவருக்கும் கிடைத்தது. அடுத்தது அனற்.

"ராத்திரி மகன் பிறையன் போன்ல பேசுனான்," என்றாள் அனற். "கத்தார்ல ஒரே புழுக்கமாம். சாப்டீங்களா அம்மா, மருந்து போட்டீங்களான்னு ஒரே நச்சரிப்பு."

இந்தப் பொய் பிறந்தது ஒரு மழைநாளில். அன்று சொல்ல ஒன்றுமே இல்லாமல், ஒரு வாய் தேத்தண்ணிக்காக, மகன் பேசினான் என்று சொல்லிவைத்தாள். மறுநாள் அவர்கள் மிச்சக் கதையைக் கேட்டார்கள். பிறகு பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியதாயிற்று.

"என்ட சேதியும் பிறையனப் பத்தித்தான்!" மஸாஹிராவின் முகமெல்லாம் பூரிப்பு. "கத்தாருக்குப் புதுசாப் போன என்ட மகன் அஹ்னாபுக்கு ஊர்க்காரர் ஒருத்தர் துணை வேணுமேன்னு, பிறையனத் தேடிப் பாக்கச் சென்னேன். அஹ்னாப் கண்டுட்டானாம். வொயிஸ் மெசேஜ் அனுப்பி ஈக்கிறான். எல்லாரும் சேந்தே கேப்பமே."

அனற் எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் போன் பேசத் தொடங்கிவிட்டது. காது மந்தமான மஸாஹிரா எப்போதும்போல் சத்தத்தைக் கூட்டியே வைத்திருந்தாள்.

"உம்மா, பிறையன் அண்ணனக் கண்டேன். தங்கமான மனுஷன். பாவம், கல்யாணத்தில ஏதோ கோவமாம், தாய் அவரோட பேசுறதே இல்லியாம். அவங்க சுகமா ஈக்கிறாங்களான்னு என்னிட்ட கேக்கிறாரு. நீங்க தினமும் காண்றதுதானே, என்த்த செல்லட்டும்?"

மஸாஹிரா பதறி அதை நிறுத்துவதற்குள் எல்லாம் கேட்டாகிவிட்டது.

"இவ்வளவு நாளும் எங்க காதுல பூ சுத்தினியா, அனற்?" என்றார் டொரதி டீச்சர்.

மஸாஹிரா திட்டவில்லை. "உங்கட மகன்ட கதையக் கேட்டுத்தானே அக்கா, தூரம் போனாலும் புள்ள தாய மறக்காதுன்னு நம்பி அஹ்னாபை அனுப்பினேன்," என்று மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அவன் மறக்கலங்க," என்றாள் அனற், தலை நிமிராமல். "நான்தான் வெரட்டுனேன். அவன் கட்டிக்கிட்டது ஹந்தானைத் தேயிலத் தோட்டத்துப் பொண்ணு, மதுஷான்னு பேரு. லயத்துப் பொண்ணு என் வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு சொன்னேன். அந்தப் புள்ளயும் அவ அப்பாவும் முன்னாடி நிக்கிறப்பவே சொன்னேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அனற் தொடர்ந்தாள். "நானும் அந்தத் தோட்டத்து லயத்துலதான், கூலிக்காரங்க வரிச வீட்டுலதான் பொறந்தேன். லோரன்ஸக் கட்டி இங்க வந்தப்பறம் யார்கிட்டயும் சொன்னதில்ல."

மைதானத்துக்கு அப்பால் கொழும்பு பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மஸாஹிரா ஒரு கோப்பையை நிரப்பி நீட்டினாள்.

"வேணாம். நான் நல்லது ஒண்ணும் சொல்லல."

"அவரு உங்கட சுகத்த விசாரிச்சாரே, அது நல்லதில்லியா? புடிங்க. அஹ்னாபிட்டச் செல்லி நம்பர் வாங்கித் தரட்டா?"

அனற் கோப்பையை வாங்கிக்கொண்டாள். "அவன்கிட்ட அப்புறம் பேசுறேன். மொதல்ல அந்தப் புள்ளகிட்ட."

வீட்டுக்கு வந்து மேசையில் தாளை விரித்தாள். 'அன்புள்ள மருமகளுக்கு' என்று எழுதினாள். அப்படி அழைக்கத் தனக்கு என்ன உரிமை என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்டிவிட்டு, 'மதுஷா பிள்ளைக்கு' என்று தொடங்கினாள். சாக்குச் சொல்லும் வரி வந்தபோதெல்லாம் தாளைக் கிழித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'உன்னையும் உன் அப்பாவையும் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்களுடைய ரெண்டாம் லயத்துக்கு மேலே, தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்து லயத்தில்தான் நானும் பிறந்தேன். அதை மறைக்கத்தான் உன்னைக் குறைத்துப் பேசினேன். பிறையனுக்கு இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். நீ வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. நீ சரி என்றால், உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க நான் வருகிறேன். வேண்டாம் என்றாலும் அது நியாயம்தான்.'

தபால் கந்தோரில் பசை காய்ந்து கிடந்தது. விரலை நனைத்துத் தேய்த்து உறையை ஒட்டினாள். ஓரம் மீண்டும் எழும்பிற்று. உள்ளங்கையால் அமுக்கி, பிடிக்கும்வரை அப்படியே நின்றாள். பின்னால் நின்ற பெண் 'சுருக்கா ஆகட்டும்' என்பதுபோல் இருமினாள். அனற் உறையை நீட்ட, கிளார்க் முகவரியைக்கூடப் பார்க்காமல் முத்திரை மேல் தபால் சீல் ஒன்றை ஓங்கிக் குத்தி, தபால் பைக்குள் போட்டார்.