கண் சிமிட்டாத பயிற்சி

அவனுக்கு 'நாக் அவுட்' என்று பட்டப்பெயர். வாழ்நாளில் ஒரே ஒரு குத்துச்சண்டை மேடை ஏறினான். மணியோசை அடங்குமுன் மல்லாந்துவிட்டான். தெரு கேலியாக வைத்த பெயரை அவன் விருதாக எடுத்துக்கொண்டு, பனியன் முதுகில் அச்சடித்தும் போட்டுக்கொண்டான். அப்படிப்பட்ட வீரனுக்கு, தன் ஐந்து வயது மகளை உலக சாம்பியன் ஆக்கிவிட வேண்டும் என்று ஒரே வெறி.

மகள் 'குண்டூசி'. ஒல்லி உடம்பு, பெரிய தலை. அவளுடைய அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்ப்பவள். காலையில் அவள் வேலைக்குப் போவாள்; இரவு ஷிஃப்ட் பார்க்கும் டயர் பட்டறைக்காரனான புருஷன் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வான். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

சாயங்காலங்களில் அம்மா குண்டூசியை ஒரு பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போவாள். பழைய கிடங்கு, உள்ளே மெத்தை, கயிறு, தரையில் சுண்ணாம்புக் கோடு. அங்கே டீச்சர் சின்னப் பிள்ளைகளை உருளவும், தொங்கவும், ஒற்றைக்காலில் நிற்கவும், எறியவும், பிடிக்கவும் பழக்குவார்.

"இந்த வயசுல ஒரே விளையாட்டுன்னு கட்டிப் போடாதீங்க. உடம்பு முதல்ல எல்லாத்தையும் பழகட்டும். பெருசானப்புறம் எந்த விளையாட்டுக்குப் போனாலும் அது கைகொடுக்கும்" என்பார்.

நாக் அவுட்டுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "உருள்றதுக்கு ஒரு டீச்சரா? பூனை சும்மாவே உருளுது! அடியாத மாடு படியாதுடி."

ஒரு நாள் டீச்சர் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். "போன மாசம் நல்லாப் பந்து பிடிச்சிட்டிருந்தா. இப்போ பந்து என் கையை விட்டுக் கிளம்பினாலே கண்ணை இறுக்கி மூடிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறா. இவ பந்துக்குப் பயப்படலம்மா. கைக்குப் பயப்படுறா. இது இப்படியே ஊறிப்போச்சுன்னா, அப்புறம் எந்த விளையாட்டும் இவகிட்ட ஒட்டாது."

அம்மா பிள்ளையின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். போன வாரம் பிள்ளையின் கன்னம் கோடு கோடாகச் சிவந்திருந்தது. கேட்டதற்கு, "ஓடிப் போய்ச் சுவத்துல மோதிட்டா" என்றான் புருஷன். சுவருக்கு ஐந்து விரல் ஏது என்று அன்றைக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் பாதி வேலையில் கிளம்பினாள். வழியில் கடையில் வாங்கிய பையோடு மாடிப்படி ஏறும்போதே அவன் குரல் கேட்டது.

"திற! கண்ணைத் திறன்னு சொல்றேன்ல!"

பளார்.

"சிமிட்டிட்டே. மறுபடியும்."

கதவைத் தள்ளினாள். குண்டூசி சுவரோடு சுவராக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியிருந்தது. அழவில்லை. அழுதால் அதற்கும் ஓர் அடி போலும்.

"கண் சிமிட்டாத பயிற்சி. குத்து வரும்போது பாக்கணும்ல" என்றான் அவன், ஏதோ பாடம் சொல்லிக்கொடுக்கிறவன்போல. "அடி வாங்காம எவன்டி சாம்பியன் ஆனான்?"

"நீ வாங்கின அடிக்கு நீ ஆயிருக்கணுமே!"

பாய்ந்து அவன் முகத்தைப் பிறாண்டினாள். அவன் அவள் முடியைப் பிடித்துச் சுழற்றி அலமாரியில் மோதினான். உதடு கிழிந்தது. எழுந்தவளை வயிற்றில் ஓர் உதை. பை கொட்டி, உருளைக்கிழங்கெல்லாம் திசைக்கொன்றாக ஓடின. கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து வீசினாள். அது அவனை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தை உடைத்தது.

அவன் சிரித்தான். "எறியுற லட்சணத்தப் பாரு!" சிரித்துக்கொண்டே பிள்ளை பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான்.

சுவரோரமிருந்து கீச்சென்று ஒரு குரல். "அம்மா, கால் தப்பு! இடது கால் முன்னாடி!"

அத்தனை சாயங்காலமும் பயிற்சிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர் எறியப் பழக்கியதைப் பார்த்தவள்தானே அம்மா. இடது கால் முன்னே போனது. இடுப்பு திரும்பியது. முழங்கை காதைத் தாண்டியது. கை கடைசியாக வந்தது. கையில் இருந்தது, பையில் மிச்சமிருந்த ஒரு கண்ணாடி ஜாம் பாட்டில்.

நெற்றி நடுவில் விழுந்து சிதறியது. வாழ்க்கையில் இரண்டாம் முறையாக நாக் அவுட் மல்லாந்தான். இந்தத் தடவை மணிகூட அடிக்கவில்லை.

அவன்மேல் இருந்தது ரத்தமா ஜாமா என்று மாடிப்படியில் இன்னும் வழக்கு தீரவில்லை. "நெத்திப் பக்கம் ரத்தம், காதுப் பக்கம் ஜாம். நான் தொட்டுப் பாத்தேன்" என்று சத்தியம் செய்கிறாள் கீழ்வீட்டு அக்கா. தொட்டதிலேயே ஜாமென்று எப்படித் தெரிந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

தையல் போட்டுக்கொண்டு அவன் அண்ணன் வீட்டுக்குப் போனான். நெற்றிக் கட்டைப் பிரிக்குமுன்னே வாசலில் வந்து நின்றான். "பிள்ளையப் பாக்கணும்."

அவள் இடது காலை முன்னே வைத்து நின்றாள். கையில் எதுவுமில்லை. அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, டீச்சர் சொல்லியிருந்தபடி, ஒரு ஜோடி சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கினாள். முகத்துக்கு நேரே வரக் கூடாது. தரையிலிருந்து தொடங்க வேண்டும். எதிரே காலை அகட்டி உட்கார்ந்திருந்த மகளை நோக்கி மெதுவாக உருட்டினாள். குண்டூசி கண்ணை இறுக்கி மூடினாள். பந்து காலில் பட்டு நின்றது.

"அடிக்கலேல்ல?"

"இல்ல."

மறுபடியும் உருட்டினாள். மறுபடியும் மூடினாள். அடுத்த தடவை பந்து பாதி வழி வரும்போது, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணை மட்டும் கொஞ்சமாகத் திறந்து, அது வருவதைப் பார்த்தாள் குண்டூசி.