ஜன்னலைக் காட்டிய கை

அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இறந்தவருக்காக எரிக்கும் தாள் தாமரைகளை மடித்துக்கொண்டிருந்தாள் பெய்ஜுன். எதிரே கியென்ஃபா. டோங்லுவோ ஊர்ப் பள்ளியில் அம்மாவிடம் படித்தவர். அஞ்சலிக்காகக் காலையில்தான் பஸ் பிடித்து தைப்பே வந்திருந்தார். அவருக்கே தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வீட்டுப் பேச்சு ஹக்காவுல வாயைத் திறந்ததுக்கு உங்கம்மா என் கழுத்துல அட்டை மாட்டாத வாரமே இல்ல தங்கச்சி. 'இனி மாண்டரின்லதான் பேசுவேன்'னு எழுதியிருக்கும். என் பேருக்கு முன்னாடியே அதைத்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன்."

"அம்மாவும் ஹக்காக்காரங்கதானே அண்ணே?"

"எங்களுக்குப் பக்கத்துத் தெரு! ஆனா வகுப்புக்குள்ள ஹக்கா பேசினா, டீச்சருக்குக் காது கேக்காது."

வீட்டிலும் அப்படித்தான். பெய்ஜுன் கைக்குழந்தையாக இருந்தபோது தைப்பேக்கு மாற்றல் வாங்கி வந்த அம்மா, ஊர்ப்பேச்சில் ஒரு சொல்லைக்கூட மகளின் காதில் விழவிட்டதில்லை. மகளின் மாண்டரினில் மண்வாடை இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவளுடைய பெருமை. பக்கவாதம் வந்த பிறகு அந்த மாண்டரின் அம்மாவை விட்டுப் போய்விட்டது. வெறும் குழறல் மிஞ்சியது. மூளை பாதித்தால் அப்படித்தான் என்றார் டாக்டர்.

கியென்ஃபாவின் போன் அடித்தது. மனைவியோடு ஹக்காவில் சத்தமாகப் பேசினார். பெய்ஜுனின் விரல்கள் அப்படியே நின்றன. அந்த ஏற்ற இறக்கம் அவளுக்குத் தெரியும்; அம்மாவின் வாயில் கடைசிவரை கேட்டது. குழறல் இல்லை அது.

அவர் போனை வைக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணே, அம்மா கடைசியில ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ஜன்னலைக் காட்டிக் காட்டி."

நாள் தவறாமல் கேட்ட ஒலிகள். அப்படியே சொல்லிக் காட்டினாள்.

கியென்ஃபா சிரித்துவிட்டார். "நீ பேசுற ஹக்காவுக்கு அட்டை மாட்டணும்! குளிருது, அதைச் சாத்துன்னு அர்த்தம்மா."

குளிர்காலம் முழுக்க அம்மா கை நீட்டியபோதெல்லாம் அவள் ஜன்னலைத் திறந்திருந்தாள், காற்றுக்குத்தான் தவிக்கிறாள் என்று. அம்மா குரலை உயர்த்தினால் இன்னும் அகலமாக. பிறகு ஒருநாள் அம்மா கை நீட்டுவதை நிறுத்திக்கொண்டாள். ஒருவழியாக அம்மாவுக்கு நிறைவாகிவிட்டது என்று அன்று பெய்ஜுன் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த வாரமே நெஞ்சில் சளி கட்டியது.

"என்ன தங்கச்சி, முகம் வெளுத்துப்போச்சு?"

சொன்னால் இவரும் சேர்ந்து சுமக்க வேண்டும். 

"சாத்திட்டேன்மான்னு உங்க பேச்சுல எப்படிச் சொல்லணும்?"

அவர் சொன்னார். அவள் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்படியில்ல. கடைசியில குரல் இறங்கணும்."

மறுபடி சொன்னாள். குரல் இறங்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றார் கியென்ஃபா.