ராங்கி தண்ணீர் குடித்த நாள்

தொட்டியருகே வந்ததும் ராங்கி நாக்கை மட்டும் நீட்டி ஒரு நக்கு நக்கும். உடனே தலையை உதறிக்கொண்டு பின்வாங்கும். பெயருக்கேற்ற திமிர் பிடித்த மாடு என்றார் பெரியப்பா. மலைக்குளிரில் தண்ணீர் உறையாமலிருக்க இரும்புத் தொட்டிக்குள் அவர் ஹீட்டரை இறக்கியதிலிருந்து இதே கூத்துதான். கொட்டகையில் அதிகம் கறந்த மாடு. இப்போது மடி வற்றிக்கொண்டிருந்தது. மதியம் வியாபாரி வந்தால் ராங்கி கறிக்குப் போய்விடும்.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவருடைய தம்பி மகள். படித்தது மின்சாரம். தண்ணீரில் கரன்ட் கசிகிறது என்று காலையிலிருந்து கரடியாகக் கத்தினாள். பெரியப்பா சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுக் காட்டினார்.

"எங்க அடிக்குது? படிச்சுட்டு வந்து மாட்டுக்கு ஜோசியம் சொல்றியா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதல்ல கைய எடுங்க. ரப்பர் பூட்ஸ மாட்டிக்கிட்டு நின்னா எப்படித் தெரியும்? மாடு என்ன பூட்ஸா போட்டிருக்கு?"

கயிறோடு வந்து நின்ற வியாபாரி சிரித்துவிட்டார்.

மீட்டரின் ஒரு முனையை ஈரத் தரையில் ஊன்றி, மற்றதைத் தண்ணீரில் விட்டாள். எட்டு வோல்ட், மாட்டு நாக்குக்கு அதுவே சுரீரென்று அடிக்கும். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள், பூஜ்யம். பிளக்கில் எர்த் பின்னையே காணோம். பழைய சாக்கெட்டில் நுழையவில்லை என்று பெரியப்பாதான் குறட்டால் ஒடித்தாராம்.

"சும்மா கெடக்குற பின்னுன்னு நெனச்சேன்."

"அதுலதான் பெரியப்பா உங்க உசுரும் இருக்கு."

மெயினை அணைத்தாள். தொட்டியையும் தரைக்குள் பதித்த கம்பிவலையையும் எர்த் கம்பியோடு இணைத்தாள். கரன்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ட்ரிப் சுவிட்ச் பொருத்தி, சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றினாள். கரன்ட் கொடுத்ததும் சுவிட்ச் டப்பென்று விழுந்தது. மறுபடி போட்டாள், மறுபடி டப். பழுதான ஹீட்டர் குப்பைக்குப் போனது. கையோடு வாங்கி வந்திருந்த புது ஹீட்டரை இறக்கினாள். சுவிட்ச் அசையவில்லை, மீட்டரிலும் பூஜ்யம்.

ராங்கி வந்தது. ஒரு நக்கு நக்கிவிட்டு நின்றது. பிறகு மூக்கு வரை முக்கி உறிஞ்ச ஆரம்பித்தது பாருங்கள், தண்ணீர் மட்டம் கண்ணெதிரே இறங்கியது. பின்னால் மற்ற மாடுகள் முட்டி மோதின.

"விக்கிறதில்லப்பா," என்றார் பெரியப்பா வியாபாரியிடம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எங்க வீட்டு இன்ஜினியர் சரி பண்ணிட்டா."

புகழ்ந்தால் கோபம் ஆறிவிடும் என்று பார்த்தார். அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் எத்தன பிளக்ல ஒடிச்சு வச்சிருக்கீங்க?"

பெரியப்பா மெல்லக் கறவை மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.