விழுங்கிய பிழை

லோகேஸ்வரன் தன் பெயர் அட்டையில் ‘தலைமைக் கட்டமைப்பாளர்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார். அலோர் ஸ்டாரில் ஆறே பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனிக்கு முதலாளி. ஜாவாவில் சேர்ந்தாற்போல நாலு வரி எழுதச் சொன்னால் ஐயாவுக்கு வியர்த்துவிடும். உமாராணிக்கு அது தெரியாதா என்ன? எல்லா வரியையும் எழுதுகிறவள் அவள்தானே.

பீடோங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு முன்பதிவுச் செயலி செய்து கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு தரவுத்தளங்கள். நோயாளிக்கு இயந்திரத்தில் இடம் ஒதுக்குவது நிலையத்தினுடையது. எஸ்டேட்டுக்குள் போய் அவரை ஏற்றிவர வேன் ஒதுக்குவது வேன்காரர்களுடையது. பதிந்தால் இரண்டிலும் பதிய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டிலும் ரத்தாக வேண்டும். இரு வீட்டாரும் சரி என்று சொல்லாமல் யாராவது தட்டு மாற்றுவார்களா? உமாராணியும் அப்படித்தான் கட்டியிருந்தாள். ஒரு பக்கம் பிழை வந்தால் மொத்தமும் பின்வாங்கும், திரை சிவக்கும்.

திறப்பு விழா ஒரு புதன்கிழமை. பிரமுகர் வந்து, மாலை விழுந்து, பொத்தானை அமுக்கப் போகும் நேரம் பார்த்து வேன்காரர்களின் சர்வர் படுத்துவிட்டது. மணி பதினொன்றே முக்கால். அரை மணி நேரம் பொறுக்கலாம் என்றாள் உமாராணி. பன்னிரண்டுக்கு ராகு காலம், அதில் எவனாவது நல்ல காரியம் தொடங்குவானா என்று சீறினார் லோகேஸ்வரன். பிழையை உள்ளேயே விழுங்கிவிட்டு பச்சையாக ‘பெர்ஜாயா’, அதாவது வெற்றி என்று காட்டச் சொன்னார், நாளைக்கு எடுத்துவிடலாமாம்.

மூன்றே வரிதான். அவள் எழுதினாள். பிழை வெளியே தெரியாததால் எல்லாம் சரியென்று நம்பி, இயந்திர இடத்தை மட்டும் பதிந்துகொண்டது செயலி. வேன் பதியவில்லை. திரை பச்சையானது, எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட கைத்தட்டல். அதன்பிறகு அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. உமாராணி நாலு தடவை நினைவுபடுத்தினாள். அவர் ஏதோ விருதுக்கு விண்ணப்பம் எழுதுவதில் மும்முரமாக இருந்தார்.

மூன்று மாதம் கழித்து, நிலையத்தின் தலைமைத் தாதி அகத்தா போன் செய்தாள். கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் ராக்காயி அம்மா இரண்டு முறை வரவில்லை, விதிப்படி அவர் இடம் காத்திருப்பவருக்குப் போகும் என்றாள். போனில் பச்சை வந்ததாம், விடியற்காலையிலிருந்து ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாராம். தப்பு சிஸ்டத்துடையது என்று நாளைக் காலைக்குள் எழுத்தில் கொடுத்தால் இடம் தங்கும் என்றும் சொன்னாள்.

உமாராணி செயலியின் பதிவேட்டைத் திறந்தாள். இரண்டு நாளும் வேன் சர்வர் படுத்திருந்தது. இரண்டு பிழையையும் அவள் எழுதிய மூன்று வரி விழுங்கியிருந்தது.

லோகேஸ்வரனிடம் போய்ச் சொன்னாள். அவர் விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கெழவி தூங்கிப் போயிருக்கும்லா. நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா, விருது என்னாவறது?”

ஓர் உயிர் போனாலும் பரவாயில்லை, கண்ணாடி அலமாரியில் ஒரு பித்தளைக் கோப்பை நிற்க வேண்டும். த்தூ என்று வந்தது அவளுக்கு. இவனுக்குப் பயந்தா மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று தன்மேலும் வந்தது. அன்றைக்கே அந்த மூன்று வரியையும் அழித்தாள். யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பீடோங்கில் அகத்தாவிடம் கடிதத்தை நீட்டினாள். அகத்தா நின்றபடியே படித்தாள்.

“இதுல ஒன் பேரும் இருக்கே, தங்கச்சி.”

“சொன்னது அவரு. எழுதுனது நாந்தானே, அக்கா.”

அகத்தா ராக்காயி அம்மாவின் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தாள். அன்று மதியமே வரச்சொல்லி போன் செய்தாள், வேனுக்கும் அவளே ஆள் பிடித்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, இதே மாதிரி இன்னும் எத்தனை பேர் என்று கேட்டாள்.

உமாராணி ராத்திரியே தேடி எடுத்திருந்தாள். வரும் வழியில் காரை ஓரங்கட்டி ஒவ்வொருவருக்கும் போன் செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“இன்னும் பத்துப் பேரு, அக்கா. ஒம்பது பேரு பேசுனாங்க. ஒருத்தரோட போனை அவரு மக எடுத்தா. அப்பா தவறிப் போயி ரெண்டு வாரம் ஆச்சுன்னு சொன்னா.”